குறையில்லை என்று சொன்ன வாய்

சல்லி,
திருகோணமலை.
புரட்டாதி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

அன்புள்ள மகன் மதிசுதனுக்கு,

முதலில் இந்தக் கையெழுத்துக்கு மன்னித்துக்கொள். ஈரமணலில் நண்டு ஓடியதுபோல் இருக்கும், ஒரு வரி மேலே ஏறும், அடுத்த வரி கீழே இறங்கும், கொப்பியில் கோடு போட்டுத்தான் இருக்கிறது, என் கைதான் கோட்டில் நிற்க மாட்டேன் என்கிறது. ஆனால் இதை வேறு யாரும் எனக்காக எழுதித் தரவில்லை, நானேதான் எழுதுகிறேன். பெருவிரலில் மை பூசுகிற காலம் உன் அப்பாவுக்கு முடிந்துவிட்டது. இதை எழுதும்போது எனக்கு எவ்வளவு சந்தோசம் என்று உனக்குச் சொல்ல ஏலாது, அதே நேரம் உடம்பும் மனமும் களைத்துப்போய் இருக்கிறேன், இரண்டையும் ஒரே தாளில் எப்படி எழுதுவது என்று எனக்கு எழுத்துப் படிப்பிக்கிற ரீச்சர் இன்னும் சொல்லித் தரவில்லை. முத்துமாரி அம்மாள் உன்னை அங்கே நோய்நொடி இல்லாமல் வைத்திருக்க வேண்டும் என்று தினமும் விளக்கு வைக்கும்போது கேட்கிறோம். நாங்கள் இங்கே இருக்கிற சுகத்தோடு இருக்கிறோம்.

போனில் சொல்லக்கூடிய விசயம் என்றால் போனிலேயே சொல்லியிருப்பேன். நீ எடுக்கும்போது உன் மகள் நிவேதிகா போனைப் பறித்துவிடுவாள், அவள் விட்டால் லைன் அறுந்துவிடும், இரண்டும் நடக்காவிட்டால் உன் அம்மா அழுதுவிடுவாள். விசயம் இதுதான் மகன். போன செவ்வாய்க்கிழமை நான் திருகோணமலை ரவுணில் ஓர் அலுவலகத்துக்குப் போய், ஆட்களுக்கு முன்னால் கதிரையில் இருந்து, என் மகன் கனமாதமாகக் காசு அனுப்பவில்லை என்று வாயால் சொல்லிவிட்டேன். கதவுக்கு வெளியே நம் கரையில் வலை இழுக்கிற பாலசிங்கம் இருந்தான், அவன் காதில் விழுந்தால் அது ஊருக்கே விழுந்த மாதிரி. உன் காதுக்கு வேறு வாயால் வருவதற்கு முதல் நானே எழுதிவிட வேண்டும் என்றுதான் இந்தக் கொப்பியைத் திறந்தேன். ஏன் சொன்னேன் என்பதையும், இனி நீ என்ன செய்ய வேண்டும் என்பதையும் ஆறுதலாக எழுதுகிறேன், நீயும் ஆறுதலாக வாசி.

நீ போன பிறகு அம்மாவின் கால் மோசமாகிவிட்டது உனக்குத் தெரியும். சீனி வருத்தக்காரியின் புண் ஆறாது, காலை ஊன்றக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். உன் பெண்சாதி சுதர்சிகா ரவுணில் ஆஸ்பத்திரி ஒன்றில் துணி துவைக்கும் பகுதிக்கு விடியவே வேலைக்குப் போகிறாள், நான் கரையில் வலை இழுத்துக்கொண்டு நிற்கிறேன், பிள்ளையை யார் பார்ப்பது. போன வருசம் சித்திரை மாதம் ஒருநாள் அம்மா கதிரையில் இருந்தபடியே கண்ணயர்ந்துவிட்டாள், நிவேதிகா வேலிப் படலையைத் திறந்துகொண்டு கரைக்கு வந்துவிட்டாள். பெடியள் ஒரு வள்ளத்தைத் தண்ணீருக்குத் தள்ளிக்கொண்டு நிற்கிறார்கள், வள்ளத்துக்கு முன்னால் மணலில் குந்தியிருந்து இவள் சிப்பி பொறுக்குகிறாள். யாரோ கத்தினார்கள், வள்ளம் நின்றது. உனக்கு இதை நாங்கள் சொல்லவில்லை. அன்றைக்கு சுதர்சிகா அழவில்லை, அடிக்கவில்லை, அடுத்த கிழமையே பிள்ளையைச் சயிக்கிளில் வைத்து மிதித்துக்கொண்டு போய் அன்புவழிபுரத்தில் ஒரு பகல் பராமரிப்பு நிலையத்தில் சேர்த்துவிட்டாள். எல்லாரும் டே கெயார் என்றுதான் சொல்கிறார்கள். நடத்துகிறவர் இரத்தினேஸ்வரி ரீச்சர், பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு எடுத்தவர், குரல் பெரிது, மனம் அதைவிடப் பெரிது.

நான் எழுதப் படித்ததும் அங்கேதான். தொடக்கத்தில் பிள்ளை என் சாரத்தைப் பிடித்த பிடி விடவில்லை, நான் எழும்பினால் அழுவாள், அதனால் வலை இல்லாத நாட்களில் நானும் அந்த விறாந்தையில் மத்தியானம்வரை குந்தியிருப்பேன். ஒருநாள் ரீச்சர் வந்து, அப்பு, சும்மா வாசலைப் பாத்துக்கொண்டு இருக்கிற நேரத்துக்கு நீங்களும் ஒரு ஆனா எழுதுங்கோவன் என்று கொப்பியும் பென்சிலும் தந்தார். சின்னன்கள் எல்லாம் சிரித்தன. நிவேதிகா மட்டும் சிரிக்கவில்லை, என்னைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள், அப்பப்பா கோட்டுக்கு வெளியால போகக்கூடாது, அப்பப்பா பென்சிலைக் கடிக்கக்கூடாது என்று வீட்டுக்கு வந்தும் ஏச்சு. ழானாவுக்கு மட்டும் எனக்கு ஒரு மத்தியானம் போனது. இப்போது பஸ்ஸில் எழுதியிருப்பதை வாசிக்கிறேன், அரிசிப் பையில் எழுதியிருப்பதை வாசிக்கிறேன், அம்மாவின் மருந்துப் பையை வாசித்து, சாப்பாட்டுக்கு முதல் போட வேண்டிய குளிசையை அவள் இவ்வளவு காலமும் பிறகு போட்டிருக்கிறாள் என்று கண்டுபிடித்தேன். நம் வலையின் சொந்தக்காரர் கோணேஸ்வரன் சம்மாட்டியின் வள்ளத்தில் அம்மாளின் பெயர்தான் எழுதியிருக்கிறது என்று நினைத்து, ஏறும்போதெல்லாம் தொட்டுக் கும்பிட்டு வந்தேன் அல்லவா, வாசித்துப் பார்த்தால் அது வள்ளத்துக்கு மெசின் விற்ற கடையின் பெயர். இப்போதும் தொட்டுக் கும்பிடுகிறேன், கை பழகிவிட்டது.

பிள்ளைக்கு அங்கே நல்லது, ஆனால் அதற்கு மாதம் மாதம் காசு கட்ட வேண்டும். நீ அனுப்பிக்கொண்டிருந்தவரை கட்டினோம். நின்ற பிறகு சுதர்சிகாவின் சம்பளத்தில் பாதி அங்கே போனது, மீதியில் வீடு ஓடவில்லை, பிறகு அதுவும் பிந்தத் தொடங்கியது. ரீச்சர் ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை, ஆனால் அவரும் இரண்டு பெண்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், பிள்ளைகளுக்குக் கஞ்சியும் பயறும் அவிக்க வேண்டும். அவர்தான் சுதர்சிகாவிடம், குறைந்த வருமானக் குடும்பங்களில் வேலைக்குப் போகிற தாய்மாருக்குப் பிள்ளை பராமரிக்கும் செலவில் பெரும்பங்கைக் கட்டுகிற ஒரு நிதியம் ரவுணில் இருக்கிறது, காசைக் கையில் தரமாட்டார்கள், நேரே நிலையத்துக்கு அனுப்புவார்கள், விண்ணப்பி என்று சொன்னவர். நான் முதலில் முணுமுணுத்தேன். அதற்கு உன் பெண்சாதி, மாமா, இது பிச்சையில்ல, நான் வேலைக்குப் போகாட்டித்தான் பிச்சை எண்டு சொன்னாள். பிறப்புப் பத்திரம், சம்பளத் துண்டு, கிராம சேவகரின் கடிதம் எல்லாம் அவளே அலைந்து எடுத்துக் கொடுத்தாள். வீட்டு நிலைமையைப் பார்க்க ஓர் உத்தியோகத்தர் வருவார் என்றார்கள்.

அவர் வந்த நாள் சரியாக வலை ஏறிய நாள். அந்த மாதம் முழுக்கக் கரைவலையில் ஒன்றும் இல்லை, அன்றைக்கு மட்டும் அம்மாள் கண் திறந்தாள், பாரையும் கும்பிளாவும் கரையில் துள்ளுகின்றன. வீட்டில் அம்மாவை மட்டும் கண்டுவிட்டு அவர் மோட்டச்சயிக்கிளை மணலில் உருட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். பெயர் முனாஸ், கிண்ணியாப் பக்கத்துத் தம்பி, மரியாதையான ஆள். தொழில் எப்பிடி ஐயா என்று கேட்டார். குறையில்லைத் தம்பி என்றேன். மகன் வெளிநாட்டிலோ என்றார். ஓம், கட்டாரில் என்றேன். காசு அனுப்புறவரோ என்றார். அவனுக்கென்ன, அம்மாள் புண்ணியத்தில குறையில்லாமல் பாக்கிறான் என்று சொல்லிவிட்டேன். வலை ஏறும்போது கரையில் நிற்கிறவர்களை வெறுங்கையோடு விடுவது நமது வழக்கமில்லை, அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல ஒரு பை நிறையப் பாரை மீனும் மோட்டச்சயிக்கிளில் கொழுவிவிட்டேன். அவர் அந்தப் பையைப் பக்கத்தில் நின்ற கிழவியிடம் கொடுத்துவிட்டுத்தான் போனாராம், எனக்குப் பிறகுதான் தெரியும்.

வேறு என்ன சொல்ல மகன். உனக்கும் தெரியும் அல்லவா, ஆள் கடலில் நிற்கும்போது கரையில் இருக்கிறவர் இல்லை என்ற சொல்லை எடுக்கக்கூடாது. நீ சின்னனில் பானையைத் திறந்து பார்த்து அரிசி இல்லை என்று கத்தினாய், அப்போது நான் கடலில், அம்மா உன் வாயில் ஒன்று போட்டாள், அரிசி நிறைஞ்சிருக்கு எண்டு சொல்லு என்றாள். நீ அழுதுகொண்டு நிறைஞ்சிருக்கு என்றாய். இந்தக் கரையில் எல்லா வீட்டிலும் அதுதானே. நீ கடலுக்கு அப்பால் போன நாளிலிருந்து நானும் உன் அம்மாவும் உன்னைப் பற்றி யார் கேட்டாலும் அதைத்தான் சொல்லி வந்தோம். கடையில் கேட்டாலும் கோயிலில் கேட்டாலும் குறையில்லை. முனாஸ் தம்பி கேட்டதும் வாய் தானாகச் சொன்னது, நான் யோசிக்கவே இல்லை.

மறுப்புக் கடிதம் வந்தது. நானே வாசித்தேன். இவ்வளவு பாடுபட்டு வாசிக்கப் பழகி முதலில் வந்த கடிதம் அதுதான். வெளிநாட்டு வருமானமும் தொழில் வருமானமும் போதியளவு இருப்பதாகக் குடும்பத்தலைவர் கூறியதால் என்று இருந்தது, குடும்பத்தலைவர் நான்தான் என்று விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. சுதர்சிகா வேலையால் வந்து வாசித்துவிட்டு, போய் நிவேதிகாவின் சட்டையைத் தோய்த்தாள். பிறகு வந்து, மாமா, நீங்க என்ன சொன்னனீங்கள் என்று கேட்டாள். சொன்னேன். உன் அம்மா உள்ளே இருந்து, ஆள் கடலில நிக்கேக்க வேற என்னத்தைச் சொல்லுறது என்று எனக்காகக் கதைத்தாள். சுதர்சிகா கடிதத்தை மடித்து வைத்தாள். மாமா, அவர் கடலில நிக்கேல்ல, அவர் கட்டாரில நிக்கிறார் என்றாள். பிறகு சொன்னாள், எங்கட கந்தளாயில குளத்துத் தண்ணி வயலுக்கு வரேல்லையெண்டா வரேல்லையெண்டுதான் கூட்டத்தில எழும்பிச் சொல்லுவம், சொன்னாத்தான் வான்கதவைத் திறப்பாங்கள், குறையில்லை எண்டு சொல்லிப்போட்டு இருந்தா பயிர் கருகிப் போயிடும். வயல் பக்கத்துப் பிள்ளையைக் கொண்டுவந்து கடல் பக்கத்து வீட்டில் வைத்திருக்கிறோம், அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

மேன்முறையீடு செய்யலாம், ஆனால் குடும்பத்தில் ஒருவர் நேரில் வந்து நிலைமையைச் சொல்ல வேண்டும் என்று அந்தக் கடிதத்தின் அடியில் இருந்தது. சுதர்சிகாவுக்கு லீவு இல்லை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று முன்பே இரண்டு தரம் வேலைக்குப் போகாமல் நின்றுவிட்டாள், இன்னொரு தரம் நின்றால் வேறு ஆளைப் போடுவோம் என்று மேற்பார்வையாளர் சொல்லியிருக்கிறார். வேலை போனால் பிள்ளை வீட்டில், பிள்ளை வீட்டில் என்றால் மறுபடியும் அந்தப் படலையும் அந்த வள்ளங்களும்தான். ஆகவே போக வேண்டியது நான். கரையில் கோணேஸ்வரன் சம்மாட்டியிடம் கேட்டேன், நம்முடைய இந்த வழக்கம் கட்டாருக்கும் பொருந்துமா என்று. அவர் சுருட்டை எடுத்துவிட்டு, பெடியன் வள்ளத்திலயோ போனவன், பிளேனிலயல்லோ போனவன், அதுக்குப் பொருந்தாது என்றார். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒருவன், பிளேன் கடலுக்கு மேலாலதானே பறந்தது என்றான். இன்னொருவன், அப்ப கொழும்புக்குப் பஸ்ஸில போறவனுக்கு என்ன, வழியில ஆத்துப் பாலம் வருகுதல்லோ என்றான். மத்தியானம்வரை இதுதான் கதை. முடிவு ஒன்றும் இல்லை. நீங்களும் வந்து இந்த முறை வலைக்கு ஒன்றும் படவில்லை என்று ஒரு சொல் சொல்லுங்கோ சம்மாட்டி என்று கேட்டேன். அவர் எழும்பி மணலைத் தட்டிக்கொண்டு, நீ போய்ச் சொல்லு குஞ்சித்தம்பி, நான் வரமாட்டன், நாளைக்கும் நான் வலை விட வேணும் என்றார்.

அதற்குள் கட்டாரில் நிற்கிற உன் கூட்டாளி அர்ஷாக் லீவில் வந்தான். நீ கொடுத்துவிட்டாய் என்று சொக்லேட் பெட்டியும் கொண்டுவந்தான். நிவேதிகாவுக்குச் சந்தோசம். சுதர்சிகா பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டாள், கொழும்பு விமான நிலையத்து விலை ஒட்டியிருந்ததாம். நான் அவனைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போய், உள்ளதைச் சொல்லு தம்பி என்றேன். அவன் நல்ல பிள்ளை, பொய் சொல்லத் தெரியாது. உன் கொம்பனி மாசி மாதத்திலிருந்து யாருக்கும் சம்பளம் தரவில்லை, அறையில் இருக்கிறவர்கள் எல்லாம் சேர்ந்து ஒருநேரம் சமைக்கிறார்கள், நீ இரவில் வேறு இடத்தில் கார் கழுவப் போகிறாய் என்றான். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. உன் காசு நின்றபோது, இவன் அங்கே கெட்டுப்போனானோ என்று ஒருநாள் நினைத்தேன், அந்த நினைப்புக்குத்தான் என்மேல் எனக்குக் கோபம்.

செவ்வாய்க்கிழமை நல்ல வேட்டியைக் கட்டிக்கொண்டு போனேன். வெளியே நீட்டு வாங்கில் கனபேர், மடியில் பிள்ளைகளோடு தாய்மார், ஒரு பிள்ளை என் குடையைப் பிடுங்கி வைத்துக்கொண்டது. பாலசிங்கமும் இருந்தான், அவனுடைய மகளின் பிள்ளைக்காக வந்தவனாம். என்னை முதலில் கூப்பிட்டார்கள். மேசைக்கு அப்பால் கண்ணாடி போட்ட ஓர் அம்மா, இன்னும் இரண்டு பேர், பக்கத்தில் முனாஸ் தம்பி. அந்த அம்மா ஆறுதலாகத்தான் கேட்டார், அப்பு, மகன் காசு அனுப்புறவரோ என்று. நான் வாயைத் திறந்தேன், மேசைக்குப் பின்னால் ஒரு பெரிய யன்னல், யன்னலில் உட்துறைமுகத்துத் தண்ணீர் பளபள என்று கிடக்கிறது, ஒரு கப்பல் நிற்கிறது. வாய் மூடிக்கொண்டது. மறுபடியும் கேட்டார். கதிரையைக் கொஞ்சம் மற்றப் பக்கம் திருப்பலாமோ என்று கேட்டேன். வெயில் கண்ணில படுகுதோ, திரைச்சீலையை இழுக்கட்டோ என்றார் அந்த அம்மா. முனாஸ் தம்பி ஒன்றும் கேட்கவில்லை, எழும்பி வந்து கதிரையைத் திருப்பிப் போட்டார். இப்போது எனக்கு முன்னால் ஓர் இரும்பு அலுமாரி. அதில் முடிந்த கோவைகள் என்று எழுதி ஒட்டியிருந்தது, அதை எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

அந்த அலுமாரியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். என்ர மகன் கனமாதமாக் காசு அனுப்பேல்ல. அனுப்ப அவனிட்ட இல்ல. வேலை செய்யிறான், கொம்பனி சம்பளம் குடுக்கேல்ல. இந்த முறை வலையிலயும் ஒண்டும் இல்ல, தம்பி வந்த அண்டைக்கு மட்டும்தான் மீன். வீட்டில இப்ப சமைக்கிறது மருமகளின்ர சம்பளத்தில, அதில பாதி பிள்ளையைப் பாக்கப் போகுது, இனிக் கட்ட ஏலாது. இவ்வளவுதான். சொல்லி முடித்துவிட்டுக் காது கொடுத்துக்கொண்டு இருந்தேன், எங்கேயோ ஏதோ விழப்போகிறது என்பதுபோல. மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. இதை முதலே சொல்லியிருக்கலாமே அப்பு என்றார் அந்த அம்மா. முனாஸ் தம்பிதான் பதில் சொன்னார், எங்கட வாப்பாவும் இப்பிடித்தான் மேடம், கடலுக்குப் போற ஆக்கள், எனக்கு அண்டைக்கே விளங்கினது, ஆனா அவர் சொன்னதைத்தானே நான் எழுத ஏலும் என்றார். அவர்மேல் எனக்கு மனத்தாங்கல் இருந்தது, அதோடு போய்விட்டது.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது பாலசிங்கமும் வந்து சேர்ந்தான். என்ன குஞ்சித்தம்பியண்ணை, பெடியனைச் சந்தியில விட்டிட்டியள் என்றான். நீ உள்ளுக்குப் போய் என்ன சொன்னனீ என்று கேட்டேன். நான் குறையில்லை எண்டுதான் சொன்னனான், நான் என்ன உங்களை மாதிரியோ என்றான். அந்தப் பெருமையோடு பஸ்ஸில் ஏறினான். அவனுடைய மகள் வாங்கு முனையில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றது எனக்குத் தெரியும், பாவம் அவள். அடுத்த நாள் கரையில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அன்றைக்கு வலை முழுக்கச் சொறிமுட்டை, ஒரு மீன் இல்லை, கை கால் எல்லாம் கடி. இழுத்தவர்கள் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் கயிற்றை விட்டுவிட்டு ஒதுங்கி நின்றேன். கோணேஸ்வரன் சம்மாட்டிதான் சொறியை வலையிலிருந்து உதறிக்கொண்டே, கடலுக்குக் காது கேக்குமெண்டா நான் குறையில்லை குறையில்லை எண்டு சொன்னதுக்கு இப்ப எனக்கு மாடிவீடு இருக்க வேணும், வாடா வந்து கயிற்றைப் பிடி என்றார். போய்ப் பிடித்தேன்.

இனி உன்னுடைய வேலை. அவர்கள் உதவி தருவதற்கு விருப்பமாகத்தான் இருக்கிறார்கள், செலவில் முக்காற்பங்கு கட்டுவார்களாம், நிவேதிகா பள்ளிக்கூடம் போகும்வரை. ஆனால் வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீடு என்றால் வருமானம் இருக்கிற வீடு என்றுதான் அவர்களுடைய சட்டம். அதை மாற்ற நான் சொன்னது மட்டும் போதாது. சம்பளம் கிடைக்கவில்லை, வீட்டுக்கு அனுப்ப ஏலவில்லை என்று உன் கையால் எழுதி, கையொப்பம் வைத்து, இந்த மாதம் முடிய முதல் வர வேண்டும், போனில் படம் எடுத்து அனுப்பினாலும் பரவாயில்லை என்று முனாஸ் தம்பி சொன்னார். அதுவரைக்கும் பிள்ளையின் இடத்தை வேறு யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்று இரத்தினேஸ்வரி ரீச்சர் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகும் வைத்திருக்கச் சொல்லி அவரைக் கேட்க எனக்கு முகம் இல்லை, வாடைக்காற்றுத் தொடங்கினால் வலையும் நின்றுவிடும்.

நீ எழுதமாட்டாய் என்று சுதர்சிகா பயப்படுகிறாள். மாமா, நீங்க சொன்ன மாதிரி அவர் சொல்லமாட்டார், அடுத்த மாதம் அனுப்புறன், அதுவரைக்கும் சமாளி எண்டுதான் சொல்லுவார் என்கிறாள். எனக்கும் அந்தப் பயம் உண்டு. அர்ஷாக் புறப்படும்போது நீ அவனிடம் என்ன சொல்லி அனுப்பினாய் என்பதையும் அவன் சொன்னான். வீட்டில கேட்டா எனக்குக் குறையில்லை எண்டு சொல்லு என்றாயாம். கேட்டதும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. நாங்கள் நீ கடலுக்கு அப்பால் நிற்கிறாய் என்று இங்கே வாயைக் கட்டிக்கொண்டு இருந்தோம். நீ அங்கிருந்து பார்த்தால் கடலுக்கு அப்பால் நிற்கிறவர்கள் நாங்கள். இரண்டு கரையிலும் இருந்து ஒருவருக்கொருவர் குறையில்லை குறையில்லை என்று சொல்லிக்கொண்டே நீ அங்கே ஒருநேரம் சாப்பிட்டாய், இங்கே சுதர்சிகா இரவில் தேத்தண்ணீரோடு படுத்தாள். நடுவில் அந்தக் குழந்தைக்குத்தான் இடம் இல்லாமல் போகப் பார்த்தது.

ஆகவே எழுது மகன். நீட்ட வேண்டாம், அழகாகவும் வேண்டாம். உன் பெயர், எந்த மாதத்திலிருந்து சம்பளம் இல்லை, அனுப்ப ஏலவில்லை, அடியில் கையொப்பம். எழுதும்போது வெட்கமாக இருக்கும், கை வராது, எனக்கும் வாய் வரவில்லைதான். நீ உழைக்காமல் இருந்தால் வெட்கப்பட வேண்டும், நீ உழைத்தும் கூலி தராதவன்தான் இப்போது வெட்கப்பட வேண்டியவன். அங்கே தொழிலாளர்கள் முறைப்பாடு சொல்லுகிற இடம் இருக்கிறதாம், அர்ஷாக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்கிறான், அவனோடு போ, தனியாகப் போகாதே, வாசித்து விளங்காத தாளில் கையொப்பம் வைக்காதே. வர வேண்டும் என்றால் வா. வெறுங்கையோடு வந்தாலும் இந்த வீட்டில் உனக்குப் பாய் இருக்கிறது, சம்மாட்டியின் வலையில் கயிறு இருக்கிறது. சுதர்சிகா தன்பாட்டில் எழுதச் சொன்னது ஒன்றே ஒன்றுதான், கார் கழுவப் போக முதல் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கோ மாமா என்றாள். அம்மா உன் தலையைத் தடவியதாக எழுதச் சொன்னாள். நிவேதிகா இப்போது என் பக்கத்தில் இருந்து, அப்பப்பா இன்னும் முடியேல்லையோ என்று கேட்கிறாள், அவள் எண்ணெய்க் கையால் பிடித்த அடையாளம்தான் தாளின் மூலையில் இருப்பது.

முத்துமாரி அம்மாள் உன்னோடு நிற்பாள். உன் உழைப்புக் கூலி உன் கையில் வந்து சேரட்டும், நீ நன்றாக இருக்க வேண்டும். நான் கேட்ட தாளை மறந்துவிடாதே, அர்ஷாக் வெள்ளிக்கிழமை போகிறான், இந்தக் கடிதத்தை உன் கையில் தந்துவிட்டு அங்கேயே நின்று நீ எழுதுவதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன், அவனை வெறுங்கையோடு அனுப்பிவிடாதே. வருகிற ஞாயிற்றுக்கிழமையும் சாப்பிட்டவுடன் இந்தக் கொப்பியைத் திறப்பேன், நீ என்ன செய்தாலும் உனக்கு நான் எழுதுவேன், இனி என் கையை யாராலும் நிறுத்த ஏலாது.

இப்படிக்கு,
உன் அப்பா,
க. குஞ்சித்தம்பி